வாய் திறக்கும் முன் கை பேசும்

மே மாதத்து மதியம். கரண்ட் போய்விட்டது. என் மகனுக்கு அப்போது பதினொரு மாதம். கூடத்தில் பாயில் உட்கார்ந்து எவர்சில்வர் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்து மேலே பார்த்தான். ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது. கிண்ணத்தைக் கீழே விட்டான். வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்திக் காற்றில் ஒரு வட்டம் போட்டான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி மேலே பார்த்து இன்னொரு வட்டம் போட்டான்.

"ஃபேன் நின்னுபோச்சா தங்கம்? கரண்ட் போயிடுச்சுடா. வந்ததும் சுத்தும்" என்றேன். அவன் அழவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்ட நிம்மதியோடு கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

அன்றுவரை அவன் வாயிலிருந்து 'ப்பா' தவிர வேறு சொல் வந்ததில்லை. ஆனாலும் அன்று அவன் என்னிடம் கேள்வி கேட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மாதமாக, சுவிட்சைப் போடும்போதெல்லாம் விரலைச் சுற்றிக் காட்டி "ஃபேன்" என்று சொல்லிவந்தேன். அதற்குக் கிடைத்த பதில்தான் அந்த வட்டம்.

சென்ற அத்தியாயத்தில் தாலாட்டு, மழலை, குழந்தையோடு பேசும் முறை ஆகியவற்றைப் பார்த்தோம். இந்த அத்தியாயம், பேச்சு வருவதற்கு முந்தைய ஆறேழு மாதங்களில் குழந்தைக்குச் சில சைகைகளைச் சொல்லித் தருவது பற்றியது. இதற்குப் பணம் வேண்டாம், பொம்மை வேண்டாம், வகுப்புக்கும் போக வேண்டாம். உங்கள் கையும் குரலும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

கை ஏன் முந்துகிறது?

ஒரு சொல்லைப் பேச மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு, தாடை எல்லாம் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வாய் சிறியது. நாக்கு அந்த வாயை நிறைத்துக்கொண்டு கிடக்கிறது. நாக்கைத் தூக்கி 'ல' சொல்லவும் மடித்து 'ழ' சொல்லவும் குழந்தைக்கு ஆண்டுகள் ஆகின்றன. கை அப்படியில்லை. ஏழெட்டு மாதத்தில் பொருளை எட்டிப் பிடிக்கிறது, தட்டுகிறது, ஆட்டுகிறது. தன் நாக்கைக் குழந்தையால் பார்க்க முடியாது. தன் கையைப் பார்க்க முடியும். உங்கள் கையையும் பார்த்து ஒப்பிட முடியும்.

புரிதலோ இரண்டுக்கும் முந்தியது. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகள் உணவுப் பெயர்கள், உடல் உறுப்புகளின் பெயர்கள் சிலவற்றைக் கேட்டதும் அந்தப் படத்தை நோக்கிக் கண்ணைத் திருப்புகிறார்கள் என்று எலிகா பெர்கெல்சன், டேனியல் ஸ்விங்லி இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முதல் சொல் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித்தான் வருகிறது. புரிந்ததற்கும் சொல்ல முடிவதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில் குழந்தைக்கு இருக்கும் வழிகள் அழுகையும் கையும்தான். நீங்கள் கைக்கு நான்கு சொல் கொடுத்தால், அழுகையின் வேலை கொஞ்சம் குறையும்.

நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பது

இது நமக்குப் புதிதென்று நினைக்க வேண்டாம். கிளம்பும்போது டாட்டா காட்டச் சொல்கிறோம். பூஜையறையில் கைகூப்பி "சாமி கும்பிடு" என்கிறோம். கைவீசிப் பாடுகிறோம், சாய்ந்தாடப் பாடுகிறோம். மொட்டைமாடியில் நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிறோம். நம் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் ஒன்பதாம் மாதத்துக்குரியது சப்பாணிப் பருவம். குழந்தை இரு கையையும் சேர்த்துத் தட்டும் பருவம். அதற்குப் பின்னர் வரும் பருவங்களில் ஒன்றான அம்புலிப் பருவம், நிலாவைக் குழந்தையோடு விளையாட அழைக்கும் பருவம். குழந்தையின் கை என்ன செய்கிறது என்பதை மாதக்கணக்கில் கவனித்துப் பருவம் பிரித்த மரபு நம்முடையது.

இந்த விளையாட்டுகளை நாம் பெரும்பாலும் நம் மகிழ்ச்சிக்காகச் செய்யச் சொல்கிறோம். அதே கையைக் குழந்தை தன் தேவைக்கும் தன் வியப்புக்கும் பயன்படுத்த வழி செய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ஆராய்ச்சி சொல்வது

அமெரிக்காவில் ஜோசப் கார்சியா, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் குழந்தைகளைக் கவனித்தார். மற்றக் குழந்தைகள் அழுது காட்டும் வயதில் அவர்கள் கையால் கேட்டார்கள். கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியர் லிண்டா அக்ரெடோலோவின் மகள், ஒரு வயதில், பூவைக் கண்டால் மூக்கைச் சுருக்கி மோந்து காட்டினாள். யாரும் சொல்லித்தராமலே அவளாகச் செய்துகொண்ட 'சொல்' அது. அக்ரெடோலோவும் சூசன் குட்வினும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1996இல் பெற்றோருக்கான நூல் எழுதினார்கள். 2000இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, சைகை பழகிய குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகவில்லை என்றும், சில அளவீடுகளில் அவர்கள் சற்று முன்னே இருந்தார்கள் என்றும் சொன்னது.

இந்த இடத்தில் உங்களிடம் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். சைகை கற்ற குழந்தைக்கு அறிவு கூடும், முன்னதாகப் பேசும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பி இதைத் தொடங்காதீர்கள். 2005இல் அதுவரை வந்த 17 ஆய்வுகளைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் சலித்துப் பார்த்து, அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். இங்கிலாந்தில் எலிசபெத் கிர்க்கின் குழு 40 குழந்தைகளை எட்டாம் மாதம் முதல் இருபதாம் மாதம் வரை பின்தொடர்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டது. சைகை பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் பேச்சு வளர்ச்சியில் வேறுபாடு இல்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சைகை சொல்லித்தந்த தாய்மார்கள் தம் குழந்தையின் பார்வை, அசைவு, முகக்குறிப்பு ஆகியவற்றுக்குக் கூடுதலாகப் பதில் கொடுத்தார்கள். குழந்தை தானாகச் செய்ய முயல்வதை அதிகம் ஊக்குவித்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் உண்மையான பலன் இதுதான். கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் குழந்தை சொல்வது வீண்போவதில்லை. சொல்லித்தருவது போலத் தொடங்குகிறோம். போகப் போக, கவனிக்கக் கற்றுக்கொண்டது நாம்தான் என்பது புரிகிறது.

எப்போது தொடங்கலாம்?

ஏழு, எட்டு மாதம் நல்ல வேளை. மாதத்தைவிடக் குழந்தை காட்டும் அறிகுறிகள் முக்கியம்:

நீங்கள் ஒன்றைப் பார்த்தால் அதுவும் திரும்பி அதைப் பார்க்கிறது.

கை தட்டினால் தானும் தட்டப் பார்க்கிறது.

வேண்டியதை நோக்கிக் கையை நீட்டி, உங்கள் முகத்தையும் பார்க்கிறது.

பால் புட்டியோ சோற்றுக் கிண்ணமோ கண்ணில் பட்டதும் உடம்பெல்லாம் துள்ளுகிறது.

இவற்றில் இரண்டு தெரிந்தாலே தொடங்கலாம். ஏழு மாதத்தில் தொடங்கினால் பதில் வர இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். பத்து மாதத்துக்குப் பிறகு தொடங்கினால் சில வாரங்களில் வரக்கூடும். ஒன்றரை வயது ஆகிவிட்டாலும் காலம் கடந்துவிடவில்லை. பேச்சு தெளிவாக வராத குழந்தைக்கு அப்போதும் கை உதவும்.

முதல் பத்துச் சைகைகள்

கீழே உள்ளவற்றில் பால், இன்னும், போதும், வலி, காக்கா ஆகியவற்றின் சைகைகள் அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து எடுத்தவை. மற்றவை நாம் எல்லோரும் அன்றாடம் காட்டுபவை. சொல்லை உங்கள் வீட்டு வழக்கப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பால் 'இங்கா' என்றால் இங்கா, 'பாச்சி' என்றால் பாச்சி.

1. பால்: ஒரு கையை மார்பளவு உயர்த்தி, பால் கறப்பதுபோல விரல்களை மடக்கி விரியுங்கள். இரண்டு மூன்று முறை போதும்.

2. மம்மு: ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்த் தொடுங்கள். சோறு அள்ளும் கை இது. குழந்தை தினமும் பார்ப்பது.

3. தண்ணி: கட்டைவிரலை நீட்டி மற்ற விரல்களை மடக்கி, டம்ளரைச் சாய்ப்பதுபோல வாய்ப்பக்கம் சாயுங்கள்.

4. இன்னும்: இரு கை விரல் நுனிகளையும் தனித்தனியே குவித்து, நுனியோடு நுனியைத் தட்டுங்கள்.

5. போதும்: இரு உள்ளங்கையும் விரித்து வெளிப்பக்கமாகத் திருப்பி அசையுங்கள்.

6. தூக்கு: இரு கையையும் மேலே உயர்த்துங்கள். இதைக் குழந்தை தானாகவே செய்யும். அது செய்யும்போது "தூக்கணுமா? தூக்கறேன் வா" என்று நீங்கள் பெயர் வைத்தால் போதும்.

7. உவ்வா, அதாவது வலி: இரு ஆட்காட்டி விரல்களின் நுனிகளையும் எதிரெதிரே கொண்டுவந்து தொடுங்கள். அடிபட்ட இடத்துக்கு அருகிலேயே காட்டுங்கள். முட்டியில் அடி என்றால் முட்டிக்குப் பக்கத்தில்.

8. தாச்சி, அதாவது தூக்கம்: உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாயுங்கள்.

9. ஃபேன்: ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றுங்கள்.

10. காக்கா: கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அலகுபோல வாயருகே வைத்துத் திறந்து மூடுங்கள்.

இந்தப் பட்டியலில் ஃபேனும் காக்காவும் ஏன் என்று கேட்கலாம். பால், சோறு, தூக்கம் என்று தேவைச் சொற்களை மட்டும் கொடுத்தால் குழந்தைக்கு அது சலித்துப்போகிறது. பசித்தவனும் பேசுவான், ஆனால் வியந்தவன்தான் பேசிக்கொண்டே இருப்பான். மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு மாதக்கணக்கில் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் பெரிய அதிசயம். ஜன்னலில் வந்து உட்காரும் காக்கா அடுத்த அதிசயம். உங்கள் குழந்தைக்கு அது பூனையாக இருக்கலாம், பஸ்ஸாக இருக்கலாம், கோயில் மணியாக இருக்கலாம். எதைப் பார்த்துத் துள்ளுகிறதோ அதற்கு ஒரு சைகை கொடுங்கள்.

பத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். தேவைக்கு இரண்டு, வியப்புக்கு ஒன்று, ஆக மூன்று. இரண்டு வாரம் கழித்து இன்னும் இரண்டு. பால், இன்னும், ஃபேன் என்று தொடங்குவது என் பரிந்துரை.

சொல்லித்தரும் முறை

சோறூட்டும் வேளையை எடுத்துக்கொள்வோம். பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்த சாதம் கிண்ணத்தில் இருக்கிறது. குழந்தைக்கு எதிரே, முகத்துக்கு முகம் தெரிய உட்காருங்கள். முதல் வாய் ஊட்டுங்கள். விழுங்கியதும் அடுத்த வாயை உடனே திணிக்காதீர்கள். குழந்தை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். அந்த நொடிதான் பாடம். விரல் நுனிகளைத் தட்டியபடி "இன்னும்? இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். கண்ணில் ஒரு பளிச்சோ, வாய் திறப்போ, கால் உதைப்போ எதுவானாலும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "இன்னும் வேணும்னு சொல்றியா, இந்தா" என்று ஊட்டுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'போதும்' சைகையோடு "போதுமா? சரி, போதும்" என்று கிண்ணத்தை நகர்த்திவிடுங்கள்.

ஒரு வேளையில் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் போதும். ஒவ்வொரு வாய்க்கும் செய்தால் உங்களுக்கும் அலுப்பு, குழந்தைக்கும் அலுப்பு.

மனத்தில் வைக்க வேண்டிய விதிகள் இவை:

எப்போதும் வாயால் சொல்லிக்கொண்டே கையைக் காட்டுங்கள். ஊமையாகக் காட்ட வேண்டாம். சைகை சொல்லோடு சேர்ந்து போக வேண்டும்.

முழு வாக்கியமாகப் பேசுங்கள். ஒரு சொல்லுக்கு மட்டும் கை காட்டுங்கள். "அப்பா வந்ததும் பால் குடிச்சிட்டு மாடிக்குப் போகலாம்" என்பதில் பாலுக்கு மட்டும் சைகை.

குழந்தை பார்க்கும்போது காட்டுங்கள். முகத்துக்கு அருகிலோ பொருளுக்கு அருகிலோ கை இருந்தால் மூன்றும் ஒரே பார்வையில் விழும்.

நிகழும்போதே காட்டுங்கள். காக்கா பறந்துபோன பின் காட்டும் காக்காவால் பயனில்லை.

ஒரு பொருளுக்கு ஒரே சைகை. அப்பா ஒன்று, பாட்டி ஒன்று என்று மாறக் கூடாது. மூன்று சைகைகளையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் காப்பக ஆயாம்மாவுக்கும் செய்து காட்டுங்கள்.

கையைப் பிடித்துச் செய்ய வைப்பது எப்போதாவது, விளையாட்டாக, குழந்தை விரும்பினால் மட்டும். கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

கடைசி விதி எல்லாவற்றையும்விடப் பெரியது. சைகை காட்டினால்தான் பால் என்று ஒருபோதும் நிபந்தனை வைக்காதீர்கள். பசித்து அழும் குழந்தை முன் புட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு "எப்படிக் கேக்கணும்? கையைக் காட்டு" என்பது கொடுமை. அழுதாலும் பால், சைகை காட்டினாலும் பால். அழுகையைவிடக் கை சுலபம் என்று குழந்தையே கண்டுகொள்ளும்.

விருந்தாளி முன்னால் செய்து காட்டச் சொல்வதும் வேண்டாம். "மாமாவுக்குக் காக்கா எப்படின்னு காட்டு" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டால் குழந்தை உங்கள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அது வித்தை அல்ல, அதன் பேச்சு.

சைகை கற்றுத்தரும் வீடியோக்களைக் குழந்தை முன் ஓடவிடாதீர்கள். இரண்டு வயது ஆகும்வரை குழந்தையைத் திரை முன் உட்கார வைக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அறிவுரை. வீடியோவை நீங்கள் பாருங்கள். குழந்தை உங்களைப் பார்க்கட்டும்.

கையிலும் மழலை உண்டு

பெற்றோர் பலர் தவறவிடும் இடம் இது. முதல் சைகை நீங்கள் காட்டியதுபோலவே இருக்காது. என் மகனின் 'இன்னும்' ஒரு கையின் ஆட்காட்டி விரலால் இன்னொரு உள்ளங்கையைக் குத்துவதாக இருந்தது. பத்து நாள் அதை நான் விளையாட்டு என்றே நினைத்தேன். வாழைப்பழம் தீர்ந்த வேளைகளில் மட்டும் அந்த விரல் குத்துவதை ஒருநாள் கவனித்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது. அன்று ஒரு பழம் கூடுதலாகத் தின்றான்.

'தண்ணி'யைத் 'தன்னி' என்று சொன்னால் திருத்துவோமா? கொஞ்சுவோம், சரியாகச் சொல்லிக்காட்டுவோம். கைக்கும் அதே நியதி. குழந்தை எப்படிக் காட்டினாலும் ஏற்றுக்கொண்டு, நீங்கள் மட்டும் சரியான வடிவத்தையே காட்டிவாருங்கள். விரல்கள் பக்குவப்படும்போது தானாகச் சரியாகும்.

மழலை கையிலும் உண்டு என்பது வெறும் உவமை இல்லை. கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தில் லாரா ஆன் பெட்டிட்டோவும் பாலா மாரன்டெட்டும், காது கேளாத பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தைகளைக் கவனித்து 1991இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மற்றக் குழந்தைகள் 'பபப', 'மமம' என்று குழறும் வயதில் இந்தக் குழந்தைகள் கையால் குழறினார்கள். பொருளில்லாத, ஆனால் ஒழுங்குள்ள கையசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். மொழிக்கு ஒலிதான் வழி என்றில்லை. மூளை மொழியைத் தேடுகிறது. கிடைத்த வழியில் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு குழப்பமும் வரும். சில வாரங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சைகை. பாலுக்கும் பால், பொம்மைக்கும் பால், மடியில் ஏறவும் பால். பயப்பட வேண்டாம். தாடி வைத்தவர்களெல்லாம் தாத்தா என்று சொல்லும் அதே பருவம்தான் இது. பொம்மைக்குக் கை நீட்டினால் "பொம்மை வேணுமா? பொம்மை" என்று பெயரைச் சொல்லிக் கொடுங்கள். தானாகப் பிரியும்.

வீட்டுப் பெரியவர்கள் கேட்பவை

நான் தொடங்கிய முதல் வாரமே என் மாமியார் கவலைப்பட்டார். "ஏம்மா, வாய் பேசற புள்ளைக்கு எதுக்குக் கை பாஷை? கையாலயே எல்லாம் கெடைச்சுட்டா அது எப்படிப் பேசும்?"

"அத்தை, தவழ்ந்த புள்ள நடக்காமலா போயிடுச்சு?" என்றேன். சற்று யோசித்தார். ஆனாலும் அவரைச் சமாதானப்படுத்தியது நான் சொன்ன பதில் இல்லை. ஒரு மாதம் கழித்து, பால்கனியில் அவர் இடுப்பில் இருந்த பேரன் அவர் தோளைத் தட்டி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்காவைப் பார்த்து விரல்களை வாயருகே வைத்துத் திறந்து மூடினான். அவர் என்னைக் கூப்பிட்ட கூப்பாடு கீழ்வீடுவரை கேட்டது. அன்றிலிருந்து யார் வந்தாலும் சைகையை விளக்குவது அவர்தான்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளில் சைகையால் பேச்சு தடைபட்டதாக ஒன்றுகூடக் காட்டவில்லை. ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ இருவரும் பத்துக் குழந்தைகளைப் பத்தாம் மாதம் முதல் இரண்டு வயது வரை கவனித்து 2005இல் எழுதியதைப் பாருங்கள். குழந்தைகள் முதலில் கையால் குறித்த பொருள்களே பின்னர் அவர்கள் சொற்களில் வந்தன. ஒரு சொல்லையும் வேறு பொருள் தரும் சைகையையும் முன்னதாகச் சேர்த்தவர்கள், இரண்டு சொற்களையும் முன்னதாகச் சேர்த்தார்கள். என் மகன் ஒரு வயது தாண்டி, வாயால் "ப்பா" என்று சொல்லிக்கொண்டே கையால் 'தூக்கு' காட்டியபோது "அப்பா, தூக்கு" என்ற முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்டான்.

பேச்சு வரும்போது சைகை தானாக உதிரும். முதலில் கை மட்டும். பிறகு கையும் வாயும். பிறகு வாய் மட்டும். கை விலகும்போது பிடித்து நிறுத்த வேண்டாம். அதன் வேலை முடிந்தது.

சைகை மொழியை மதிப்போம்

'ஊமை பாஷை' என்ற சொல்லை வீட்டில் யாராவது சொன்னால் அன்போடு திருத்துங்கள். நாம் குழந்தைக்குத் தரும் பத்துச் சைகைகள் ஒரு மொழி ஆகிவிடாது. அவற்றில் பாதி ஒரு மொழியிலிருந்து கடன் வாங்கிய சொற்கள். சைகை மொழி என்பது தனக்கென இலக்கணமும் சொல்வளமும் கொண்ட முழு மொழி. காது கேளாதோர் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தது. உலகத்துக்கெல்லாம் ஒரே சைகை மொழி கிடையாது. அமெரிக்கச் சைகை மொழி எழுத்துகளை ஒரு கையால் காட்டும். இந்தியச் சைகை மொழி பெரும்பாலும் இரு கையால் காட்டும். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் புதுடில்லியில் நிறுவப்பட்டது. அது 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கிய காணொளி அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்திருக்கிறது. பட்டியலில் இல்லாத சொல்லுக்குச் சைகை தேடும்போது அந்த அகராதியைப் பாருங்கள். நம் ஊரில் காது கேளாத ஒருவரைக் குழந்தை நாளை சந்தித்தால் அந்தச் சைகை அங்கேயும் செல்லும். செப்டம்பர் 23 உலகச் சைகை மொழிகள் நாள்.

உங்கள் குழந்தைக்கே காது கேட்கவில்லை என்று தெரியவந்தால் இந்த அத்தியாயம் போதாது. காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலானோர் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அந்த வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரிந்திருக்காது. அந்தக் குழந்தைக்குப் பத்துச் சொல் இல்லை, முழு மொழி வேண்டும்; முதல் ஆண்டிலேயே வேண்டும். காதுக் கருவியோ காக்ளியர் கருவியோ வைத்தாலும், சைகை மொழி தெரிந்த காது கேளாத பெரியவர்களைத் தேடிப்போய்ப் பழகுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும் பேச்சுப் பயிற்சியாளர்கள் பேச்சோடு சைகையைச் சேர்த்தே பழக்குகிறார்கள். அங்கே சைகை விளையாட்டில்லை. அவர்களுக்கு அது அன்றாட வழி.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கேட்கும் திறனைப் பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதித்து, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோல். தூங்கும் குழந்தையின் காதில் சிறு குழாயை வைத்துச் சில நிமிடங்களில் எடுக்கும் ஓ.ஏ.இ. சோதனை வலிக்காது. உங்கள் குழந்தைக்கு அது எடுக்கப்படவில்லை என்றால் இப்போதே கேட்டு எடுங்கள். கை நன்றாகப் பேசுகிறது என்பதற்காகக் கீழே உள்ள எதையும் தள்ளிப்போடாதீர்கள்:

ஒன்பது மாதமாகியும் 'பபப', 'மமம' போன்ற குழறல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, டாட்டா காட்டுவதில்லை, எந்தச் சைகையும் இல்லை.

ஒன்றரை வயதாகியும் பொருளோடு ஒரு சொல் வரவில்லை.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை.

எந்த வயதிலானாலும், வந்த சொல்லோ சைகையோ மறைந்துபோகிறது.

குழந்தை மருத்துவரிடமோ, மாவட்ட அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்திலோ காட்டுங்கள். "ஆம்பளைப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று சொல்பவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் காத்திருந்து இழந்த மாதங்களை எந்த அன்பாலும் திருப்பித்தர முடியாது.

தொடங்குங்கள்

நாற்பது நாள் சொல்லியும் பதில் வரவில்லை என்று பல தாய்மார்கள் நிறுத்திவிடுகிறார்கள். நாற்பதாம் நாளிலும் குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதில் வரும் நாளை நம்மால் குறிக்க முடியாது. விடாமல் காட்டத்தான் முடியும். சில குழந்தைகள் இருபது சைகைவரை போவார்கள். சிலர் இரண்டோடு நின்று நேராகப் பேச்சுக்கு வந்துவிடுவார்கள். இரண்டும் சரியே. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம்.

இன்று மாலை பால் கொடுக்கும் முன் ஒரே ஒருமுறை, குழந்தை உங்களைப் பார்க்கும் நொடியில், விரல்களை மடக்கி விரித்து "பால்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதன் கையைப் பாருங்கள். நாளையும் பாருங்கள்.